முதலில் பழுது, அப்புறம் கருவி: வீட்டுப் பட்டறை தொடங்குகிறவர்களுக்கு

வீட்டில் ஒரு மூலையைப் பட்டறையாக்க வேண்டும் என்று ஆசை வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் காரியம், ஒரு பெரிய கருவிப் பெட்டியை வாங்குவது. நூற்றுச் சொச்சம் உருப்படிகள், ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக்கில் ஒரு குழி, மூடினால் சூட்கேஸ் மாதிரி இருக்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதில் முக்கால்வாசி இன்றுவரை குழியை விட்டு வெளியே வரவில்லை. வெளியே வந்த திருப்புளியோ, இறுகிப்போன முதல் ஸ்க்ரூவிலேயே முனை வழிந்துவிட்டது. ஸ்க்ரூவின் தலையையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது.

அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கடைக்குப் போகும் முன் வீட்டைச் சுற்றி வாருங்கள். எந்தக் கதவு தொங்குகிறது, எந்தக் குழாய் சொட்டுகிறது, எந்த நாற்காலி ஆடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதில் எளிதான ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த வேலை கேட்கிற கருவியை மட்டும், ஆனால் தரமானதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு வருடம் இப்படிப் போனால் உங்களிடம் இருக்கும் கருவிகள் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாமே உங்கள் கைக்குப் பழகியவையாக இருக்கும்.

கீழே நான்கு வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன். முதல் வேலையில் கை கற்றுக்கொள்வது அடுத்த வேலைக்குத் தேவைப்படும் என்பதால் அந்த வரிசையிலேயே போவது நல்லது.

இடமும் சில கருவிகளும்

தனி அறை எல்லாம் வேண்டாம். ஆடாத ஒரு மேசை போதும். நேராக நின்று கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, ஏறக்குறைய அந்த உயரத்தில் மேசை இருந்தால் முதுகு வலிக்காது. பலருக்கு இது 85 முதல் 90 சென்டிமீட்டர் வரை வரும். விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலே வேலையின் மேல் விழும். முடிந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வரும்படி வையுங்கள்.

தொடக்கத்துக்கு வேண்டியவை: இரண்டு அளவுகளில் ஸ்டார் திருப்புளி, ஒரு பட்டைத் திருப்புளி, ஒரு சுத்தியல், ஒரு குறடு, வாய் அகலத்தை மாற்றிக்கொள்ளும் ஸ்பேனர் ஒன்று, அளவு டேப், மூலைமட்டம் (செங்கோணம் பார்க்க), ரசமட்டம் (சாய்வு பார்க்க), பென்சில். இவற்றோடு கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. பட்டியலில் கடைசியாகச் சொன்னாலும் முதலில் வாங்க வேண்டியது அந்தக் கண்ணாடியைத்தான்.

திருப்புளியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். புதியவர்கள் கெடுக்கிற ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவை முனை பொருந்தாததால் கெடுபவை. ஸ்டார் என்று நாம் பொதுவாகச் சொல்வதிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று பிலிப்ஸ். இன்னொன்று போஸிடிரைவ். ஸ்க்ரூவின் தலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கூட்டல் குறியின் நான்கு கைகளுக்கு இடையே மெல்லிய நான்கு கோடுகள் கீறியிருந்தால் அது போஸிடிரைவ். அதில் பிலிப்ஸ் முனையை விட்டால் உட்காருவது போலத் தெரியும், பலம் கொடுத்ததும் வழுக்கும். அளவும் முக்கியம். பிஎச்1, பிஎச்2 என்று திருப்புளியின் தண்டிலேயே எழுதியிருப்பார்கள். வீட்டு வேலையில் அதிகம் வருவது பிஎச்2. முனையை ஸ்க்ரூவில் வைத்து, கையை விட்டதும் திருப்புளி தள்ளாடாமல் நின்றால் அளவு சரி. அப்புறம், இறுகிய ஸ்க்ரூவைக் கழற்றும்போது திருகுகிற பலத்தைவிட அழுத்துகிற பலம் அதிகமாக இருக்க வேண்டும். உடம்பின் எடையை உள்ளங்கை வழியாக இறக்கிவிட்டு, அதற்குப் பிறகு மெதுவாகத் திருப்புங்கள்.

அளவு டேப்பின் நுனியில் இருக்கிற சின்னக் கொக்கி லேசாக ஆடும். அதைப் பழுது என்று நினைத்துச் சுத்தியால் தட்டி இறுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்தது. கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவுதான் அது நகரும். பலகையின் விளிம்பில் மாட்டி இழுத்தால் வெளியே வரும். சுவரில் முட்டி அளந்தால் உள்ளே போகும். இரண்டு வகையிலும் அளவு சரியாக வருவதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

மூலைமட்டத்தையும் ரசமட்டத்தையும் வாங்கிய அன்றே சோதியுங்கள். நேரான விளிம்புள்ள பலகையில் மூலைமட்டத்தை வைத்து ஒரு கோடு போடுங்கள். அதைப் புரட்டி மறுபக்கமாக வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. கோடுகள் விரிந்து போனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரசமட்டத்தை ஒரு மேசையில் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். மேசை சாய்வாக இருந்தாலும் பரவாயில்லை, குமிழி இரண்டு தடவையும் ஒரே பக்கத்துக்கு, ஒரே அளவு போக வேண்டும்.

முதல் வேலை: தொங்கும் அலமாரிக் கதவு

அலமாரிக் கதவு தொங்கினால் பெரும்பாலும் கீல் கெட்டிருக்காது. கீலைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ, மரத்தில் தனக்கான மரையை, அதாவது சுருளாக வெட்டிய பள்ளத்தை, இழந்திருக்கும். திருகினால் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உடனே தடித்த ஸ்க்ரூ ஒன்றைப் போட்டு முறுக்கத் தோன்றும். வேண்டாம். தடித்த ஸ்க்ரூவின் தலை கீலின் குழியில் உட்காராமல் நீட்டிக்கொண்டு நிற்கும், கதவு சரியாக மூடாது.

கதவுக்கு அடியில் புத்தகங்களை அடுக்கி அதன் எடையைத் தாங்க வையுங்கள். தளர்ந்த ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். பல் குத்தும் மரக் குச்சிகளையோ, மருந்து முனையைக் கிள்ளி எறிந்த தீக்குச்சிகளையோ வெள்ளை மரப்பசையில் தோய்த்து, துளை நிறையும் வரை ஒவ்வொன்றாக உள்ளே செருகுங்கள். கடைசிக் குச்சியைச் சுத்தியால் லேசாகத் தட்டினால்தான் போகும் என்கிற அளவுக்கு நிறைய வேண்டும். வெளியே நீட்டியிருப்பதை மேற்பரப்போடு சீவிவிட்டு ஒரு ராத்திரி காயவிடுங்கள். அவசரப்பட்டு ஈரத்திலேயே ஸ்க்ரூ போட்டால் குச்சிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பக்கவாட்டில் விலகிவிடும்.

மறுநாள் கையால் சுற்றும் துளைப்பானால் நடுவில் ஒரு சின்னத் துளை போடுங்கள். ஸ்க்ரூவின் மரையை விட்டுவிட்டு நடுத் தண்டு மட்டும் எவ்வளவு தடிமனோ, அந்த அளவு துளை. 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு மென்மையான மரத்தில் 2.5 மில்லிமீட்டர் பிட் (துளைக்கும் கம்பி), கடினமான மரத்தில் 3 மில்லிமீட்டர் பிட் போதும். இந்தத் துளை இல்லாமல் பலகையின் ஓரத்தில் ஸ்க்ரூவை ஏற்றினால் மரம் பிளந்துவிடும். கடினமான மரமாக இருந்தால் ஸ்க்ரூவின் மரையில் மெழுகு தேய்த்துக்கொள்ளுங்கள். பித்தளை ஸ்க்ரூ என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது மென்மையான உலோகம், பாதி வழியில் தலை முறிந்துவிடும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி இறக்கி, மரத்தில் மரை விழுந்த பிறகு பித்தளையை ஏற்றுங்கள்.

ஏற்கெனவே மரை விழுந்த துளையில் ஸ்க்ரூவை மறுபடி போடும்போது உடனே வலப்பக்கம் திருப்பாதீர்கள். முதலில் இடப்பக்கம், அதாவது கழற்றுகிற திசையில், மெதுவாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் ஸ்க்ரூ லேசாக ‘டிக்’ என்று கீழே விழும். கையில் தெரியும், சில நேரம் காதிலும் கேட்கும். பழைய மரையின் வாயில் அது உட்கார்ந்த இடம் அதுதான். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். மின்விசிறியின் பிளாஸ்டிக் மூடி, ரேடியோவின் பின்பக்கம் என்று பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ ஏற்றும் எந்த இடத்திலும் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக மரை வெட்டினால் நாலாவது தடவைக்குள் அந்தத் துளை தேய்ந்துவிடும்.

இரண்டாவது வேலை: சொட்டும் குழாய்

இது பார்ப்பதற்குப் பயமாக இருக்கும், செய்தால் அரை மணி நேர வேலை. ஆனால் சொட்டுகிற இடம் எது என்று முதலில் பாருங்கள். மூடிய பிறகும் வாயிலிருந்து சொட்டினால் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கிறது. திறந்திருக்கும்போது கைப்பிடியின் கழுத்திலிருந்து கசிந்தால் அங்கிருக்கும் ரப்பர் வளையமோ, திணிப்போ போயிருக்கிறது. பழைய மாதிரிக் குழாய், பல சுற்றுச் சுற்றித் திறப்பது, வாஷர் வைத்தது. கால் சுற்றிலேயே முழுக்கத் திறந்துவிடும் குழாய்க்குள் பீங்கான் தட்டுகள் கொண்ட கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதைப் பிரித்துப் பழுது பார்க்க வேண்டாம், அதே மாதிரி கார்ட்ரிட்ஜை முழுதாக மாற்றிவிடலாம்.

தண்ணீர் வரும் வால்வை மூடுங்கள். மூடியாயிற்று என்று நம்பாமல் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். தொட்டியின் வடிகால் துளையில் ஒரு துணியை அடையுங்கள். சின்ன ஸ்க்ரூ ஒன்று அதற்குள் விழுந்தால் அன்றைய வேலை அங்கேயே நின்றுவிடும். குழாயின் பளபளப்பு கீறாமல் இருக்க ஸ்பேனரின் வாய்க்கு இரண்டு சுற்று டேப் ஒட்டுங்கள். கைப்பிடியைக் கழற்றி, கழுத்து நட்டைத் திறந்து, தண்டை மேலே எடுத்தால் அடியில் வாஷர் தெரியும். கழற்றுகிற ஒவ்வொரு படியிலும் செல்போனில் ஒரு படம் எடுங்கள். கழற்றியதை மேசையில் இடமிருந்து வலமாக வரிசையாக வைத்தால், மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்துக்கொண்டே வரலாம்.

பழைய வாஷரைக் கையோடு எடுத்துப்போய் அதே அளவில் வாங்குங்கள். மாட்டும் முன், வாஷர் போய் உட்காரும் உள் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே பள்ளமோ வெட்டோ இருந்தால் புது வாஷரும் சீக்கிரமே சொட்டத் தொடங்கும். அந்த விளிம்பைத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும், அல்லது குழாயையே மாற்ற வேண்டும்.

குழாயையே மாற்றும்போது மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவீர்கள். மரையின் வாய் உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு கடிகாரமுள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் குழாயை ஏற்ற ஏற்ற டேப் அவிழ்ந்து வெளியே பிதுங்கும்.

நட் துருப்பிடித்து அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள் முதலில் இறுக்குகிற திசையில் ஒரு நூல் அளவு அசைத்துவிட்டு, அப்புறம் கழற்றுங்கள். துருவின் பிடி உடைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது வேலை: சுவரில் பலகை மாட்டுவது

டிரில் மெஷின் வாங்க இதுதான் சரியான நேரம். சுவரில் துளை போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, சுவருக்குள் என்ன ஓடுகிறது என்பது. சுவிட்சுக்கும் பிளக் பாயின்ட்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் வயர் போயிருக்க வாய்ப்பு அதிகம். குழாய் இருக்கிற சுவரில் குழாய்க்கு நேர் மேலேயும் கீழேயும் அப்படித்தான். அந்தக் கோடுகளை விட்டு விலகித் துளை போடுங்கள். சந்தேகம் இருந்தால் சுவருக்குள் உலோகத்தையும் வயரையும் காட்டும் சின்னக் கருவி கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

செங்கல், கான்கிரீட் சுவர் என்றால் சுத்தியல் படம் போட்ட நிலையில் டிரில்லை வைத்து, கான்கிரீட்டுக்கான பிட்டைப் போடுங்கள். மரத்துக்கும் இரும்புக்கும் அந்தச் சுத்தியல் நிலை கூடவே கூடாது. பளிங்கு ஓடு பதித்த சுவரிலும் ஓட்டைத் தாண்டும் வரை சுத்தியல் வேண்டாம், ஓடு விரிந்துவிடும். ஓட்டின் மேல் காகித டேப் ஒட்டி, அதன் மேல் குறி போட்டு, ஓட்டுக்கான பிட்டால் மெதுவாகத் தொடங்கினால் முனை வழுக்காது.

பிளாஸ்டிக் வால் பிளக்கின் வேலை என்ன என்று புரிந்தால் அளவில் குழப்பம் வராது. ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்டர் ஃபிஷர் 1958-இல் நைலான் பிளக்கை உருவாக்கினார். இன்று நாம் போடுகிற பிளக்குகளும் அதே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. ஸ்க்ரூ உள்ளே போகும்போது பிளக் விரிந்து துளையின் சுவரை நெருக்கும். அந்த நெருக்கம்தான் பிடி. ஆகவே 6 மில்லிமீட்டர் பிளக்குக்குத் துளையும் 6 மில்லிமீட்டர்தான். ஸ்க்ரூ 4 முதல் 5 மில்லிமீட்டர். துளையின் ஆழம் பிளக்கைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். பிட்டின் மேல் அந்த ஆழத்தில் ஒரு டேப் துண்டைக் கொடி மாதிரி ஒட்டிக்கொண்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியும். ஸ்க்ரூவின் நீளத்தைக் கணக்குப் பார்க்கும்போது சுவர்ப் பூச்சைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பூச்சுக்குள் மட்டும் விரிந்த பிளக் பூச்சோடு பெயர்ந்து வரும். பிளக் முழுதாகச் செங்கலுக்குள் இருக்க வேண்டும். ஸ்க்ரூவின் நுனி பிளக்கைத் தாண்டி லேசாக வெளியே வர வேண்டும். தட்டினால் கூடாகச் சத்தம் வரும் பலகைச் சுவருக்கு இந்த பிளக் பிடிக்காது. அதற்குப் பின்பக்கம் விரிந்து பிடிக்கும் வேறு வகை உண்டு.

என் முதல் பலகைக்கு இரண்டு துளைகளையும் மிகக் கவனமாக அளந்து, இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டேன். செங்கலுக்குள் இருந்த ஒரு கல்லில் பட்டு பிட் விலகி, இரண்டாவது துளை நாலு மில்லிமீட்டர் கீழே போய்விட்டது. பலகை சாய்ந்தே நின்றது. இப்போது நான் செய்வது இப்படி: முதல் துளையைப் போட்டு, ஒரு பக்கத்தை ஸ்க்ரூவில் லேசாக மாட்டிவிடுகிறேன். அப்புறம் ரசமட்டத்தை மேலே வைத்து, பலகையை நேராக்கி, பலகையின் தாங்கியில் இருக்கும் இரண்டாவது துளையின் வழியாகவே பென்சிலால் சுவரில் குறி போடுகிறேன். முதல் துளை எங்கே விலகியிருந்தாலும் இரண்டாவது அதற்கு ஏற்றபடி வந்துவிடும். தாங்கியில் இருக்கும் துளை நீள்வட்டமாக இருந்தால் இன்னும் நல்லது, கடைசி நேரத்தில் நகர்த்தச் சிறிது இடம் கிடைக்கும்.

துளைக்குக் கீழே ஒரு காகிதத்தைப் பாதியாக மடித்துச் சுவரில் ஒட்டி வைத்தால் தூள் எல்லாம் அதில் விழும். டிரில் ஓடும்போது கையுறை போடாதீர்கள், சட்டைக் கையைத் தளரவிடாதீர்கள். சுற்றுகிற பிட் துணியின் ஒரு நூலைப் பிடித்தாலும் கையைச் சேர்த்து இழுத்துவிடும். அதே காரணத்துக்காக நீளமான முடியையும் கட்டிக்கொள்ளுங்கள்.

கைவைக்கக் கூடாதவை

நாலாவது வேலைக்குப் போகும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் உயிரை எடுக்கும் அளவு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். கனமான படக்குழாய் வைத்த பழைய டிவிக்கும் இதே எச்சரிக்கை. எரிவாயுக் குழாய், வீட்டின் மெயின் போர்டு, கட்டடத்தின் பாரத்தைத் தாங்கும் சுவர் ஆகியவை அந்தந்த வேலை தெரிந்தவர்களுக்கு உரியவை.

சுவிட்ச் மூடியைத் திறக்கிற மாதிரி ஒரு சின்ன மின் வேலை செய்வதானால் மெயினை அணையுங்கள். வீட்டில் மற்றவர்களிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். டெஸ்டரை நம்புவதற்கும் ஒரு முறை உண்டு. மின்சாரம் நிச்சயமாக இருக்கிற ஒரு இடத்தில் டெஸ்டர் எரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மெயினை அணைத்த பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்க்க வேண்டும். அப்புறம் உங்கள் மெயினோடு சேராத, மின்சாரம் இருக்கிற ஓர் இடத்தில், பக்கத்து வீட்டில் என்றாலும், மறுபடி பார்க்க வேண்டும். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாதுதானே.

நான்காவது வேலை: ஆடும் நாற்காலி

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஒரு மர நாற்காலியைப் பிரித்து மறுபடி ஒட்டினால், தச்சு வேலையின் பாதியைக் கையால் தொட்டுவிடுவீர்கள்.

முதலில் நாற்காலிதான் ஆடுகிறதா என்று பாருங்கள். அதைத் தரையில் கால் சுற்றுத் திருப்பி வையுங்கள். ஆட்டம் நின்றாலோ மாறினாலோ தரைதான் மேடு பள்ளம். திருப்பினாலும் அதே கால்தான் தூக்குகிறது என்றால், ஒன்று கால் குட்டையாக இருக்க வேண்டும், அல்லது மூட்டு தளர்ந்திருக்க வேண்டும். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொரு காலையும் பிடித்து அசையுங்கள். தளர்ந்த மூட்டில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று திறந்து மூடும்.

ஒரு மூட்டு தளர்ந்திருந்தால், பக்கத்து மூட்டுகளும் வலுவிழந்திருக்கும். எல்லாவற்றையும் பிரிப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. என் பழக்கம், கையால் அசைகிற எல்லாவற்றையும் பிரித்துவிடுவது. அசையாததைத் தொடாமல் விடுவது. பிரிக்கும் முன் ஒவ்வொரு மூட்டின் இரண்டு பக்கமும் காகித டேப் ஒட்டி, ஒரே எழுத்தை எழுதுங்கள்: அ-அ, ஆ-ஆ என்று. நான்கு குறுக்குக் கட்டைகள் ஒரே மாதிரி தெரியும், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. யாராவது முன்பு அடித்த ஆணியோ, ஸ்க்ரூவோ ஒளிந்திருக்கிறதா என்று மூட்டைச் சுற்றிப் பாருங்கள். அதை எடுக்காமல் தட்டினால் மரம் பிளக்கும். பிறகு மரத்துண்டு ஒன்றை வைத்து, அதன் மேல் சுத்தியால் தட்டித் தட்டிப் பிரியுங்கள். பிரிய மறுத்தால் மூட்டில் சூடான தண்ணீரோ, வினிகரோ சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருங்கள். வெள்ளைப் பசையும் பழைய காலத்து வச்சிரப் பசையும் அதில் இளகும்.

இப்போது வருவதுதான் நிறையப் பேர் தாண்டிப் போகிற படி: பழைய பசையைச் சுரண்டுவது. காய்ந்த பசையின் மேல் புதுப் பசை ஒட்டாது. மரத்தின் நாருக்குள் இறங்கினால்தான் பசைக்குப் பிடி. பழைய பசை அந்த நார்களை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நாற்காலியைப் பிரிக்காமல் இடுக்கில் பசையை ஊற்றி ஒட்டினால் சில மாதங்களில் மறுபடி ஆடத் தொடங்குவது இதனால்தான். கழுந்தின் (துளைக்குள் செருகும் கட்டை முனையின்) மேல் கண்ணாடி மாதிரி பளபளப்பது பழைய பசை. அது போய், மங்கலான வெறும் மரம் தெரியும் வரை சுரண்டுங்கள். மரத்தைச் சீவிவிடாதீர்கள், கழுந்து மெலிந்தால் துளைக்குள் தொளதொளக்கும்.

இதற்கு உளி வேண்டும், அதுவும் கூரான உளி. புதிதாக வாங்கிய உளியும் நேராக வேலைக்கு வராது, தீட்ட வேண்டும். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 1000 எண் நீர் உப்புத்தாளை நனைத்து ஒட்டினால் அதுவே நல்ல சாணை. உளியின் தட்டையான பின்பக்கத்தை முதலில் தாளில் படுக்க வைத்துத் தேயுங்கள், நுனியை ஒட்டிய ஒரு விரல் அகலம் முழுக்க ஒரே மாதிரி மின்னும் வரை. அப்புறம் சரிவான பக்கம். 25 முதல் 30 டிகிரி சாய்வில், சரிவு தாளோடு முழுதாகப் படிகிற இடத்தைக் கையால் உணர்ந்து, அந்தச் சாய்வு மாறாமல் பின்னால் இழுத்து இழுத்துத் தேயுங்கள். கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்தில் கட்டைவிரலை நுனியை நோக்கி, வெளிப்பக்கமாகத் தடவினால் மயிரிழை அளவு பிசிறு ஒன்று தட்டுப்படும். நுனியின் முழு அகலத்துக்கும் அது தட்டுப்பட்டால் தீட்டல் முடிந்தது. பின்பக்கத்தைத் தாளில் படுக்க வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். ஒரு காகிதத்தை அந்தரத்தில் பிடித்து வெட்டிப் பாருங்கள், கிழியாமல் அறுக்க வேண்டும். உளியைப் பிடிக்கும்போது இரண்டு கைகளும் எப்போதும் நுனிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

சுரண்டி முடித்ததும் பசை இல்லாமல் முழு நாற்காலியையும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். மரப்பசை பிடிக்கத் தொடங்கும் முன் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். எதை முதலில் செருகுவது, எதைக் கடைசியில் செருகுவது என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். ஏதாவது ஒரு கழுந்து துளைக்குள் தொளதொளவென்று இருந்தால், இழைப்புளியில் சீவிய மெல்லிய மரச் சீவலைப் பசை தடவி அதைச் சுற்றி ஒட்டி, காய்ந்த பிறகு பொருந்தும் அளவுக்குத் தேய்த்துக்கொள்ளலாம். பெரிய இடைவெளியை வெள்ளைப் பசையை அதிகமாக ஊற்றி நிரப்ப முடியாது. அது மெல்லிய படலமாக இருக்கும்போதுதான் பலமாக இருக்கும்.

இனி ஒட்டுவது. துளையின் உள்சுவரிலும் கழுந்தின் மேலும் மெல்லிதாகத் தடவிச் செருகுங்கள். கிளாம்ப் இல்லாவிட்டால் கயிறு போதும். நான்கு கால்களையும் சுற்றிக் கயிற்றை இரண்டு சுற்றுக் கட்டி, இரண்டு சுற்றுக்கும் நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். முறுக்க முறுக்க எல்லா மூட்டும் ஒன்றாக உள்ளே நெருங்கும். மூட்டின் விளிம்பில் பசை முத்து முத்தாக வெளியே வந்ததும் நிறுத்திவிட்டு, குச்சி திரும்பிச் சுற்றாதபடி ஒரு கட்டையில் மாட்டிவிடுங்கள். கயிறு அழுந்தும் இடங்களில் அட்டையை மடித்து வையுங்கள்.

உடனே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கால்களுக்கு இடையே, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்து பாருங்கள். எல்லா நாற்காலியும் சதுரமாக இருக்காது, முன்பக்கம் அகலமாகவும் இருக்கும். ஆனால் இடமும் வலமும் ஒன்றுபோல இருந்தால் இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக வரும். சமமாக இல்லையென்றால், எது நீளமோ அந்த இரண்டு மூலைகளையும் கையால் உள்ளே அழுத்துங்கள். பசை ஈரமாக இருக்கும் வரைதான் இது நடக்கும். நாற்காலியைச் சமமான தரையில் நிற்க வைத்து நான்கு கால்களும் தொடுகின்றனவா என்றும் பாருங்கள். வெளியே வந்த பசையை ஈரத்துணியால் துடையுங்கள். அதை அப்படியே விட்டால் பின்னால் எண்ணெய் பூசும்போது அந்த இடம் மட்டும் எண்ணெயைக் குடிக்காமல் வெளுப்பாக நிற்கும். கயிற்றை ஒரு மணி நேரத்தில் அவிழ்க்கலாம் என்று பசை டப்பாவில் எழுதியிருந்தாலும் ராத்திரி முழுக்க விடுங்கள். 24 மணி நேரம் ஆகும் வரை யாரையும் உட்கார விடாதீர்கள்.

காய்ந்த பிறகும் ஆடினால் கால் குட்டை. ஆடுகிறது என்று ஒரு காலை வெட்டி, அப்புறம் இன்னொன்றை வெட்டி என்று போனால் கடைசியில் முக்காலி உயரத்துக்கு வந்துவிடும். நாற்காலியைச் சமமான பலகையின் மேல் நிறுத்தி, குட்டைக் காலுக்கு அடியில் அட்டைத் துண்டுகளைச் செருகி, ஆடாமல் நிற்க வையுங்கள். செருகிய அட்டைகள் சேர்ந்து எவ்வளவு தடிமனோ, அதே தடிமனுள்ள மரத்துண்டு ஒன்றை எடுத்து, அதன் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, நான்கு கால்களையும் சுற்றிக் கோடு போடுங்கள். அந்தக் கோடுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கும். கோட்டின் கீழ்ப்பக்கத்தில் ரம்பத்தை வைத்து வெட்டுங்கள். ரம்பம் தன் பல்லின் அகலத்துக்கு மரத்தைத் தின்னும், அது கழிவுப் பக்கத்தில் போகட்டும்.

உப்புத்தாளை 120 எண்ணில் தொடங்கி 180, பிறகு 220 என்று மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய் பட்டதும் தெரியும். தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சேர்த்துவிட்டது. ஒரு நாற்காலியால் ஒன்றும் ஆகாது என்று தோன்றும், ஆனால் இந்தப் பழக்கம் ஒரு நாற்காலியோடு நிற்பதில்லை.

தூளைத் துடைத்துவிட்டு ஆளி விதை எண்ணெயைத் துணியால் மெல்லிதாகப் பூசுங்கள். கால் மணி நேரம் கழித்து, மரம் குடிக்காமல் மேலே நிற்பதைத் துடைத்தெடுங்கள். அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூட்டை வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தங்கி, யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். திறந்த வெளியில், ஒற்றைப் படலமாக விரித்துக் கொடியில் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு எறியுங்கள். அதற்கு இடம் இல்லையென்றால் தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் முக்கி, மூடி போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள்.